ஒன்ராறியோ பிளேற்றும் என் குடும்ப வாழ்க்கையும்

மனைவிக்கு மொன்றியலில் ஆய்வுகூட வேலை கிடைத்தபோது, ஒன்ராறியோ மாகாணத்து ரொறன்ரோவில் இருந்த தட்டுமுட்டுச் சாமான்களை ஒரு லொறியில் ஏற்றி அனுப்பிவிட்டு நாங்கள் இருவரும் காரில் வந்து சேர்ந்தோம். கார் எங்களுடையதல்ல. அவளுடைய அண்ணனுடையது. அவர் புதிது வாங்கியபோது பழையதை எங்களுக்குத் தந்தார். பெயர் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன்.

"ஓடத்தானே கார்? ஓடுங்கோ. பேரைப் பேந்து பாப்பம்" என்றார்.

மச்சானுக்கு அந்தக் காரில் அப்படியொரு பாசம். போன் எடுத்தால் முதலில் எஞ்சின் சத்தம் எப்படி என்று விசாரிப்பார். அதற்குப் பிறகுதான் தங்கச்சியின் சுகம்.

பார்க் எக்ஸ்ரென்ஷனில் நாங்கள் எடுத்த வீட்டின் வாசலில் ஒரு பலகை நின்றது. காலை ஒன்பது மணியிலிருந்து இரவு வரை பெர்மிற் உள்ளவர்கள் மட்டுமே அந்தப் பக்கம் காரை நிறுத்தி விடலாம். எதிர்ப்பக்கம் எவரும் விடலாம். ஆனால் அங்கே ஓர் இடம் காலியாவது சந்திர கிரகணம் மாதிரி. நான் பெர்மிற் எடுக்கப் போனேன்.

கவுண்டரில் இருந்த பெண் என் வாடகைப் பத்திரத்தைப் பார்த்துத் தலையாட்டினார். காரின் பத்திரத்தைப் பார்த்ததும் தலை நின்றுவிட்டது.

"இந்தக் கார் எங்கே வசிக்கிறது?"

"எங்கள் வீட்டு வாசலில்."

"இல்லை. அது ஒன்ராறியோவில் வசிக்கிறது. இங்கே அது விருந்தாளி."

"நான் இங்கேதானே வசிக்கிறேன்?"

"நீங்கள் வசிக்கிறீர்கள். அதில் சந்தேகமில்லை. ஆனால் பெர்மிற் உங்களுக்கல்லவே, காருக்கு" என்றார் மிகுந்த பொறுமையுடன். கார் என் பெயருக்கு மாறவேண்டும், இந்த மாகாணமான கியூபெக்கின் நம்பர் பிளேற் எடுக்கவேண்டும், பிறகு வரலாம் என்றார். பிளேற் கொடுக்கும் கந்தோரில் கேட்டால், காரின் சொந்தக்காரர் கையெழுத்து வைத்துக் கொடுக்கவேண்டும் என்றார்கள்.

மச்சானுக்குப் போன் எடுத்தேன். கடதாசியில் வெறுமனே கையெழுத்து வைத்துத் தபாலில் அனுப்ப அவர் சம்மதிக்கவில்லை. "நான் நேரிலை வந்து முறைப்படி செய்து தாறன்" என்றார். வருவதற்கு அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. முதலில் கூரை வேலை, பிறகு ஒரு கலியாண வீடு, அதற்குப் பிறகு முழங்கால் நோ.

எனக்கு வேலை பின்னேரம்தான் தொடங்கும். அதனால் காலையில் காரைக் காப்பது என் பொறுப்பாயிற்று. பலகையில் போட்டிருக்கும் நேரத்துக்கு முன்பே காருக்குள் ஏறி உட்கார்ந்துவிடுவேன். எதிர்ப்பக்கத்தில் யாராவது புறப்பட்டால் பாய்ந்துபோய் அந்த இடத்தைப் பிடிப்பேன். அபராத ரிக்கெற் எழுதுகிறவர் தெரு முனையில் தலைகாட்டினால் ஒரு சுற்றுச் சுற்றி வருவேன். ஐப்பசி பிறந்ததும் குளிர் தொடங்கிவிட்டது. மனைவி வேலைக்குப் போகும்போது போர்வையும் தேத்தண்ணிப் போத்தலும் ஒரு டப்பாவில் புட்டும் கொண்டுவந்து யன்னலுக்குள்ளால் தருவாள். நான் காருக்குள் இருந்து சாப்பிட்டுவிட்டு, சில நாட்களில் கொஞ்சம் கண்ணயர்ந்தும் விடுவேன்.

மேல்மாடியில் ஒரு கிரேக்கக் கிழவர் தனியாக இருந்தார். ஒருநாள் கார்க் கண்ணாடியைத் தட்டி, சின்னக் கோப்பையில் கடும் கோப்பி நீட்டினார். குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு என் தோளில் தட்டி, "பூ வாங்கிக் குடு. அவள் கதவைத் திறப்பாள்" என்றார். அவருடைய ஆங்கிலம் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை என்று நினைத்து நன்றி சொன்னேன்.

அடுத்த கிழமை ஒரு பின்னேரம் மச்சான் தங்கச்சிக்குப் போன் எடுத்தார். காரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நாளைக்கு ரெண்டு பேரும் லீவு போட்டுட்டு வீட்டிலை நில்லுங்கோ. நான் வாறன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். ஊரில் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்றே நாங்கள் நினைத்தோம்.

மத்தியானம் வந்து சேர்ந்தார். கொடுத்த தேத்தண்ணியைத் தொடவில்லை. கதிரை நுனியில் இருந்துகொண்டு தொண்டையைச் செருமினார்.

"நான் சுத்திவளைச்சுக் கதைக்கேல்லை. குடும்பமெண்டா சட்டிபானை முட்டத்தான் செய்யும். ஆனா பிள்ளை, கட்டின மனுசனைப் பனிக்குளிருக்கை காருக்கை படுக்க விடுறது எங்கடை ஆக்கள் செய்யிற வேலையில்லை." கொஞ்சம் நிறுத்தி, "அதுவும் என்ரை காருக்கை" என்றார்.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"ஆர் அண்ணை காருக்கை படுத்தது?"

"எனக்கெல்லாம் தெரியும். உங்கடை தெருவாலை கோயிலுக்குப் போற ஆக்கள் தங்கடை கண்ணாலை கண்டவை. போர்வை, சாப்பாட்டு டப்பா எல்லாம் கண்டிருக்கினம். நீ யன்னலுக்குள்ளாலை எறிஞ்சதாம்."

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். மச்சான் அதை அழுகை என்று எடுத்துக்கொண்டார். எழுந்துபோய் அவள் தலையைத் தடவினார். அவருடைய கண்ணும் கலங்கியிருந்தது. முழங்கால் நோவோடு இவ்வளவு தூரம் ஓட்டிவந்த மனிதர். பெர்மிற் கதையை எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

தொடங்கியும் பயனில்லை.

"பெர்மிற்றோ?" என்றார். "தன்ரை வீட்டு வாசல்லை கார் விட ஒரு மனுசனுக்கு பெர்மிற்றோ? எனக்குக் கதை விடாதையும்."

அப்போதுதான் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அண்ணை, உங்கடை கார் எங்கை?"

"வாசல்லைதான் நிக்குது."

மூன்று பேரும் யன்னலுக்கு ஓடினோம். புதுக் காரின் கண்ணாடியில் ரிக்கெற் செருகப்பட்டுக்கொண்டிருந்தது. மச்சான் சப்பாத்தில்லாமல் வெறும் மேஸ் போட்ட காலோடு படியிறங்கி ஓடினார். நான் அவருடைய சப்பாத்துகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

"ஐயா, நான் ஒரு குடும்பத்தைச் சேர்த்துவைக்க வந்தனான்!" என்று ஆங்கிலத்தில் கத்தினார்.

ரிக்கெற் எழுதியவர் இளம் மனிதர். மச்சானைப் பார்த்தார். கையில் சப்பாத்துகளோடு நின்ற என்னையும் பார்த்தார். "போன் ஷான்ஸ்" என்று பிரெஞ்சில் எனக்கு நல்லதிர்ஷ்டம் வாழ்த்திவிட்டு அடுத்த காருக்குப் போய்விட்டார். மேல்மாடிப் பல்கனியில் நின்ற கிரேக்கக் கிழவர் மச்சானுக்குக் கை காட்டி, "நல்ல வேலை செய்தாய்! அவளோடு பேசு, பேசு!" என்று உற்சாகப்படுத்தினார்.

மச்சான் திரும்பி வந்து ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தார். "பிளேற் குடுக்கிற அந்தக் கந்தோர் நாளைக்கு எத்தினை மணிக்குத் திறக்கும்?" என்றார்.

மறுநாள் காலை நானும் மச்சானும் போனோம். அன்பளிப்பா, விற்பனையா என்று அங்கே கேட்டார்கள். மச்சான் பேனையைத் திறந்தார், மூடினார், திரும்பவும் திறந்தார். மகளைக் கட்டிக் கொடுக்கிற தகப்பன் மாதிரி, "அன்பளிப்பு" என்று மெல்லச் சொன்னார். பிளேற் தருவதற்கு முன் கராஜில் காரைச் சோதித்தபோது, அடிப்பாகத்தில் லேசான துரு இருக்கிறது என்று மெக்கானிக் சொன்னார். மச்சானை அவரோடு சண்டைக்குப் போகாமல் பிடித்து வைத்திருந்தேன். ஆனாலும் கார் தேறிவிட்டது.

கடைசியில் ஒரேயொரு பிளேற் தந்தார்கள். இந்த மாகாணத்தில் பின்பக்கத்துக்கு மட்டும்தான். மச்சான் உறையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார்.

"மற்றது எங்கை?"

"முன்னுக்கு இல்லை மச்சான்."

"முன்னுக்கு ஒண்டும் இல்லையோ? நெத்தி வெறுமையா எப்பிடியப்பா ஓடுறது?" வீட்டுக்கு வந்ததும் தங்கச்சியிடம் சந்தனம் கேட்டு வாங்கி, பழைய பிளேற் இருந்த இடத்தில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தார். பிளேற்றில் பிரெஞ்சில் எழுதியிருப்பது என்ன என்று கேட்டார். "எனக்கு ஞாபகம் இருக்கு" என்று அர்த்தமாம் என்றாள் மனைவி.

"என்னத்தையாம்?"

"அது எழுதேல்லை அண்ணை."

பிறகு பெர்மிற் கந்தோர். அதே பெண் என்னை அடையாளம் கண்டு சிரித்தார். பிளேற் இலக்கத்தைத் தட்டினார். "முடிந்தது" என்றார். நான் கையை நீட்டியபடி நின்றேன். ஒட்டுவதற்கு ஒன்றுமில்லை, எல்லாம் கணினியில் இருக்கிறது என்றார். மச்சானுக்குச் சந்தேகம். "ஒரு துண்டாவது தரேல்லையோ? இவ்வளவு பாடுபட்டது காத்துக்கோ?" என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்தார்.

அன்று பின்னேரம் அவர் புறப்பட்டார். மனைவி கட்டிக்கொடுத்த சாப்பாட்டைப் பின்சீற்றில் வைத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நான் அவளுக்குச் சொல்லமாட்டன். உண்மையா, ஒரு பிரச்சினையும் இல்லைத்தானே?"

"ஒரு பிரச்சினையும் இல்லை மச்சான்."

"இருந்தாலும் பூ கீ வாங்கிக் குடும்" என்றார்.

அவரை அனுப்பிவிட்டு ஜான்-டலோன் சந்தைக்குப் போய்க் கத்தரிக்காயும் வெங்காயமும் வாங்கினேன். கண்ணில் பட்டதால் ஒரு பிடி மஞ்சள் செவ்வந்தியும் வாங்கிக்கொண்டு, பெர்மிற் உள்ள மனிதனாக முதன்முதலாக எங்கள் தெருவுக்குள் காரைத் திருப்பினேன். பெர்மிற் பக்கம் முழுவதும் பெர்மிற் உள்ள கார்களால் நிறைந்திருந்தது. சுற்றினேன். திரும்பவும் சுற்றினேன். மூன்று தெரு தள்ளி ஓர் இடம் கிடைத்தது. காரை நிறுத்தி இறங்கி, அங்கிருந்த பலகையை முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன்.