ஐந்தாம் இடம் காலி

உமாபதியைப் பற்றிக் கோவில்பட்டியில் கேட்டுப் பாருங்கள். "அவனா? ஓர் இடத்துல நிலைக்க மாட்டானே. ஜெர்மனிக்குப் போயும் காலேஜ் காலேஜா மாறினவன்ல!" என்பார்கள். மாறினது உண்மைதான். ஏன் மாறினான் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை. படிப்பு ஏறவில்லை என்பார் ஒருவர். வெள்ளைக்காரி சமாசாரம் என்பார் இன்னொருவர், அதையும் குரலைத் தாழ்த்திச் சொல்வார். அட போங்கய்யா! அவன் மாறினதெல்லாம் ஹாக்கிக்காக. இன்னும் சரியாகச் சொன்னால், அவனுடைய பாழாய்ப்போன ரோஷத்துக்காக.

அவன் விளையாடினது சென்டர் ஹாஃப். முன்னால் ஐந்து பேர் கோல் போட ஓடுவார்கள். பின்னால் இரண்டு பேர் காவல் நிற்பார்கள். நட்டநடுவில் நிற்கிறவன்தான் பந்து யாருக்கு, எப்போது, எந்தப் பக்கம் என்று முடிவு செய்கிறவன். கோல் போட்டவனைத் தோளில் தூக்கி ஆடுவார்கள், சென்டர் ஹாஃபை ஒருத்தரும் தூக்குவதில்லை. ஆனால் அவன் சரியில்லாவிட்டால் மற்ற பத்துப் பேரும் சந்தையில் வழி தப்பின ஆடுகள்தான். அணிப் பட்டியலில் அவனுக்கு ஐந்தாம் நம்பர். உமாபதிக்குப் பதினைந்து வயசிலிருந்து வேறு நம்பர் தெரியாது.

1964 இலையுதிர் காலத்தில் மெக்கானிக்கல் என்ஜினியரிங் படிக்க ஸ்டுட்கார்ட் வந்து இறங்கினான். வயது இருபத்தொன்று. பெட்டியில் துணிமணி பாதி, மீதி இடத்தைக் குறுக்காக வைத்த இரண்டு ஹாக்கி மட்டைகள் அடைத்துக்கொண்டிருந்தன. ஹாஸ்டலில் அவனுடைய அறைத்தோழன் சந்திரமௌலி, கெமிஸ்ட்ரியில் ரிசர்ச் செய்கிற மாயவரத்துக்காரன். மட்டைகளைப் பார்த்துவிட்டு, "ஏண்டா, நீ டிகிரி வாங்க வந்தியா, மெடல் வாங்க வந்தியா?" என்றான்.

"ரெண்டும்தான்" என்றான் உமாபதி.

இரண்டாவது வாரமே பல்கலைக்கழக அணியின் பயிற்சி ஆட்டத்துக்குப் போனான். கோவில்பட்டியில் கட்டாந்தரை, பந்து பறக்கும். இங்கே ஈரப் புல், பந்து நாலடி ஓடுவதற்குள் மூச்சு வாங்கி நிற்கும். கால் மணி நேரம் தடுமாறினான். அப்புறம் பிடிபட்டது. வலப்பக்கம் பார்த்துக்கொண்டே இடப்பக்கம் தள்ளுவான். எதிராளி திரும்பிப் பார்ப்பதற்குள் பந்து போய்ச் சேர்ந்திருக்கும். அணித்தலைவன் ஃபோல்கர் கோல் காக்கிறவன், நிலைக்கதவு உயரம். ஆட்டம் முடிந்ததும் ஓடி வந்து இவன் கையைப் பிடித்துக் குலுக்கினான். "பிரமாதம்! வியாழக்கிழமை போர்டு, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

உமாபதிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வியாழக்கிழமை சாயங்காலம் ஒர்க்‌ஷாப் வகுப்பு முடிந்து நேரே போர்டுக்குப் போனான். ஒன்றிலிருந்து பதினொன்று வரை நம்பர் போட்ட தாள் ஒட்டியிருந்தது. பக்கத்தில் ஆணியில் கயிறு கட்டித் தொங்கின ஒரு பென்சில். ஒன்று, ஃபோல்கர். இரண்டு, மூன்று, நான்கு, யார் யாரோ. ஐந்து, காலி. ஆறிலிருந்து பதினொன்று வரை மறுபடி பெயர்கள்.

ஐந்தாவது இடம் வெறும் கோடாக இருந்தது.

இங்கேதான் நம்ம ஆள் கோட்டை விட்டான். கோவில்பட்டிப் பள்ளிக்கூடத்தில் டீம் லிஸ்ட் எழுதுகிறவர் டிரில் மாஸ்டர் ஒருத்தர்தான். அவர் எழுதி ஒட்டுவார், பையன்கள் நெஞ்சு படபடக்கப் போய்ப் பார்ப்பார்கள். பெயர் இருந்தால் ஆட்டம், இல்லாவிட்டால் அழுகை. அந்தத் தாளை விரலால் தொட்டாலே முதுகுத்தோலை உரித்துவிடுவார். ஸ்டுட்கார்ட்டில் வழக்கம் வேறு. ஆட வருகிறவன் அவனவன் இடத்தில் அவனவனே பெயர் எழுத வேண்டும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் வந்து எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். சாயங்காலம் வருகிற உமாபதி ஒருத்தன் எழுதுவதைக்கூடப் பார்த்ததில்லை. பென்சில் தலைவனுடையது என்று நினைத்துக்கொண்டான்.

அடுத்த வியாழக்கிழமையும் ஐந்து காலி. அதற்கடுத்த வாரமும் காலி.

"பாரேன் மௌலி, அந்த இடத்தை வெறுமனே விட்டாலும் விடுவானாம், என் பேரைப் போட மாட்டானாம்! பிரமாதம்னு கையைக் குலுக்குனான்ல. பசப்பு!"

"போய்க் கேளேன்டா. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்."

"நான் ஏன் கேக்கணும்? கேட்டு வாங்குனா அதுக்குப் பேரு மரியாதையா? கூப்பிட்டா போவேன்."

"கேக்கறதுக்கு டூ மினிட்ஸ் ஆகுமா? சரியான ஈகோடா உனக்கு" என்று சந்திரமௌலி தலையில் அடித்துக்கொண்டான்.

அந்தப் பக்கம் ஃபோல்கரும் லேசுப்பட்டவன் இல்லை. பெயர் எழுதாதவனுக்கு விருப்பமில்லை என்று அர்த்தம், விருப்பமில்லாதவனைப் போய்த் தொணதொணப்பது நாகரிகமில்லை. அது அவர்கள் வளர்ப்பு. வராந்தாவில் எதிர்ப்பட்டால் தலையசைத்துச் சிரிப்பான். செய்கிறதையும் செய்துவிட்டுச் சிரிப்பு வேறா என்று உமாபதி முகத்தைத் திருப்பிக்கொள்வான். இரண்டு மரியாதைக்காரர்கள் இப்படியே ஒன்றரை வருஷம் ஓட்டினார்கள். எங்கே போய் முட்டிக்கொள்வது சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் உமாபதி அறையிலேயே கிடந்தான். மட்டைகளுக்கு எண்ணெய் போட்டு வைத்தான். படிப்பும் சுமாராகப் போயிற்று. 1966இல் டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொண்டான். ஜெர்மனியில் மாணவன் அப்படி ஊர் மாறுவது சகஜம், பாஸ் பண்ணின பரீட்சைகளும் கூடவே வரும். அப்பாவுக்கு, அங்கே புரொபசர் கெட்டிக்காரர் என்று கடிதம் எழுதினான். அந்தப் புரொபசர் பெயர்கூட அப்போது அவனுக்குத் தெரியாது.

டார்ம்ஸ்டாட் அவனுக்கு வாய்த்த இடம். அங்கே பயிற்சியாளர் லோமான் முன்னாள் பட்டாளத்துக்காரர். போர்டு கீர்டு எதுவும் கிடையாது. பயிற்சி முடிந்ததும் வரிசையாக நிற்க வைத்துப் பெயர் வாசிப்பார். முதல் வாரமே "ஐந்து, உமாபதி!" என்று கத்தினார். அந்த ஒரு கத்தலுக்கு அவன் வெந்நீரில் குளித்த மாதிரி ஆகிவிட்டான்.

பனிக்காலத்தில் ஆட்டம் மண்டபத்துக்குள் போய்விடும். உள்ளே பந்தை அடிக்கக் கூடாது, தள்ளத்தான் வேண்டும். அது தெரியாமல் முதல் நாள் ஓங்கி ஒன்று வைத்தான். கூரை விளக்கு ஒன்று பொலபொலவென்று கொட்டியது. லோமான் அண்ணாந்து பார்த்துவிட்டு, "உமாபதி, கோல் கீழே இருக்கிறது" என்றார். வருஷம் முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தார்கள், அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். அந்த இரண்டு வருஷத்தில் அவன் இல்லாமல் அந்த அணி ஓர் ஆட்டம் ஆடவில்லை. பரீட்சைகளும் மளமளவென்று பாஸாகின.

1967 மே மாதம் ஸ்டுட்கார்ட் அணி டார்ம்ஸ்டாட்டுக்கு ஆட வந்தது. உமாபதி அன்றைக்கு வெறி பிடித்தவன் போல ஆடினான். மூன்றுக்குப் பூஜ்யம். மூன்று கோலுக்கும் பந்து கிளம்பினது அவன் மட்டையிலிருந்துதான். ஆட்டம் முடிந்து ஃபோல்கர் சேறும் சகதியுமாக நேரே இவனிடம் வந்தான்.

"உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். எங்களோடு ஆட உனக்கு ஏன் பிடிக்கவில்லை?"

உமாபதிக்குச் சுள்ளென்று ஏறியது. "எனக்கா பிடிக்கவில்லை? நீதானே என் பேரை எழுதவில்லை!"

ஃபோல்கர் விழித்தான். "நான் எப்படி உன் பேரை எழுதுவேன்? அவரவர் பேரை அவரவர்தானே எழுத வேண்டும்? ஐந்தாம் இடத்தில் வேறு யாரும் எழுதக் கூடாது, அது அந்த இந்தியனுடையது என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன். ஒன்றரை வருஷம் வாரா வாரம் வைத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கையில் கிடைத்தவனை அங்கே நிறுத்தி ஆடித் தோற்றோம்."

உமாபதி அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டான். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாகிவிட்டதே! எந்த வெற்று இடத்தை அவமானம் என்று நினைத்து ஊரை விட்டு வந்தானோ, அது அவனுக்குக் கிடைத்த பெரிய மரியாதை. அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. ஃபோல்கர் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன செய்வதென்று தெரியாமல் தோளைத் தட்டிக்கொண்டிருந்தான். விஷயம் தெரிந்து சந்திரமௌலி எழுதின கடிதத்தில் ஒரே வரி: "முட்டாளே, டூ மினிட்ஸ்!"

அன்றிலிருந்து உமாபதிக்கு ஒரே ஆசை. ஸ்டுட்கார்ட் அணிக்கு ஐந்தாம் இடத்தில் நின்று ஓர் ஆட்டமாவது ஆடிக் காட்ட வேண்டும். தனக்காக அத்தனை நாள் காத்திருந்தவர்களுக்கு வேறு எப்படிப் பதில் சொல்வது? டார்ம்ஸ்டாட்டில் ஒத்துக்கொண்ட சீசனை முடித்துக் கொடுத்துவிட்டு, 1968இல் கடைசி இரண்டு வருஷப் படிப்புக்கு ஸ்டுட்கார்ட்டுக்கே மாற்றல் வாங்கினான். கோவில்பட்டியில் "திரும்பவும் மாறிட்டானாம்லே" என்று சிரித்தார்கள்.

வந்த முதல் வியாழக்கிழமை மத்தியானமே போர்டுக்குப் போனான். இந்தத் தடவை ஐந்தாம் இடத்தில் பெயர் இருந்தது. யூர்கன். பத்தொன்பது வயசு, இரண்டாம் வருஷம், நல்ல ஆட்டக்காரன். போன வருஷமே அந்த இடம் அவனுக்கு என்று ஆகியிருந்தது. ஃபோல்கர் தலையைச் சொறிந்தான். "நீ வருவாய் என்று தெரியாது. அவனை எழுந்திரு என்று எப்படிச் சொல்வேன்?"

"சொல்ல வேண்டாம்" என்றான் உமாபதி. பழைய உமாபதியாக இருந்தால் அன்றைக்கே பெட்டி கட்டியிருப்பான். பென்சிலை எடுத்தான். இரண்டாம் இடம் காலியாக இருந்தது. வலப்பக்கக் காவல், அவன் வாழ்க்கையில் நின்றே இராத இடம். அதில் எழுதினான்.

ஏறக்குறைய இரண்டு வருஷம் பின்னாலேயே நின்றான். கண்ணுக்கு முன்னால் யூர்கன் பந்தை வாங்கும்போதெல்லாம், இடப்பக்கம்டா இடப்பக்கம் என்று இவன் மனசு அடித்துக்கொள்ளும். யூர்கன் வலப்பக்கம் தள்ளுவான். சில சமயம் அதுவே நல்லதாகவும் போய்விடும். அது இன்னும் எரிச்சல். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், அந்த ஞாயிற்றுக்கிழமைகள் நல்லபடியாகவே போயின. ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் பீர் குடிப்பார்கள், இவன் ஆப்பிள் ஜூஸ் குடித்துக்கொண்டு அவர்களைவிட உரக்கப் பேசுவான்.

1970 ஜூனில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் அரையிறுதி வரை வந்துவிட்டார்கள். எதிரே வடக்கிலிருந்து வந்த பலசாலி அணி. ஆரம்பத்திலேயே ஒரு கோல் போட்டுவிட்டது. இடைவேளை முடிந்து பத்தாவது நிமிஷம், யூர்கன் கணுக்கால் பிசகி விழுந்தான். இரண்டு பேர் தாங்கிக் கோட்டுக்கு வெளியே கொண்டுபோனார்கள். அந்த நாள் ஹாக்கியில் மாற்று ஆள் கிடையாது, மீதி ஆட்டத்தைப் பத்துப் பேரே ஆட வேண்டும். நடுவில் யார் நிற்பது? ஃபோல்கர் கோலிலிருந்து நாலு எட்டு முன்னால் வந்து கையை நீட்டி, யாரை அனுப்பலாம் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் உமாபதி ஓடிப்போய் நட்டநடுவில் நின்றுவிட்டான்.

யாரும் கூப்பிடவில்லை. யாரையும் கேட்கவும் இல்லை. பின்னால் திரும்பி, "ஃபோல்கர், என் இடத்தைப் பார்த்துக்கொள்!" என்று ஜெர்மனில் கத்தினான். அப்புறம் ஜெர்மன் மறந்துபோயிற்று. "ஏலே, ஓரத்துக்கு ஓடுலே! அந்தா, அங்கதாம்லே!" என்று சுத்தக் கோவில்பட்டித் தமிழில் விரட்டினான். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் அந்தப் பிள்ளைகள் ஓடின. வலப்பக்கம் பார்த்தான், இடப்பக்கம் தள்ளினான், ஒன்றுக்கு ஒன்று. முடிய மூன்று நிமிஷம் இருக்கும்போது, எதிராளி செய்த தப்புக்குக் கிடைத்த ஷார்ட் கார்னர் அடியில் இவர்களுக்கு இரண்டாவது கோல். இறுதியாட்டத்தில் என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள், தோற்றார்கள். ஆனால் அரையிறுதி அன்றைக்கு உமாபதியைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். சென்டர் ஹாஃபைத் தூக்கி அவனே அதற்குமுன் பார்த்ததில்லை.

உடை மாற்றும் அறையில் யூர்கன் கட்டுப் போட்ட காலை பெஞ்சில் நீட்டி உட்கார்ந்திருந்தான். முகம் சுண்டிப்போயிருந்தது. "எல்லாம் பார்த்தேன். அது உன்னுடைய இடம்தான். கால் சரியானாலும் நான் இனிமேல் அங்கே எழுத மாட்டேன்" என்றான்.

உமாபதி அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். தலையைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினான்.

"அடப்பாவி, நீயும் ஆரம்பிச்சிட்டியா? ஒழுங்காகப் போய் எழுது. நீ வராத அன்றைக்கு என்னை யாரும் கூப்பிட வேண்டாம். நானே வந்து நின்றுகொள்கிறேன்."