க்ரூகருக்கு முன் ஒரு மொட்டை

விசா விண்ணப்பத்தோடு தரும் புகைப்படம் அண்மையில் எடுத்ததாகவும், விண்ணப்பதாரரின் இப்போதைய தோற்றத்தைக் காட்டுவதாகவும் இருக்க வேண்டும் என்பது விதி. இதை என் மனைவி சரோஜாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டியிருந்தேன். வட்டாட்சியர் அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் மற்றவர்களின் மனுக்களில் குறை கண்டுபிடித்தவன் நான். என் சொந்த மனுவில் குறை வராது என்று நம்பினேன்.

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் காட்டுக்குப் போவது அவளுடைய ஆசை. சங்கிலி இல்லாத யானையைக் கூட்டமாகப் பார்க்க வேண்டும். திட்டம் போட்டது நான். ஆடி மாதம் அங்கே வறண்ட குளிர்காலம். புதர்கள் இலை உதிர்த்திருக்கும். விலங்குகள் மிச்சமிருக்கும் தண்ணீரைத் தேடி வரும். "ஆடிக் கிருத்திகைக்குச் சரவணப் பொய்கைல கூடற மாதிரியா?" என்று கேட்டாள். அதைவிட நன்றாக எந்தச் சுற்றுலாப் புத்தகமும் விளக்கவில்லை. எத்தியோப்பியா வழியாகப் போனால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வேண்டும். அறுபதைக் கடந்தவர்களுக்கு அதைப் போட மருத்துவர்கள் யோசிப்பார்கள். ஆகவே துபாய் வழி. மலேரியா மாத்திரைக்கு மருத்துவர் சீட்டு வாங்கியாகிவிட்டது. பயணத்துக்கு முன் உன் வேலைகளையெல்லாம் முடித்துக்கொள் என்று அவளிடமும் சொல்லியிருந்தேன்.

ஜூன் 7, சனி. காலை பத்து மணிக்கு அவள் எங்கள் ஊர் முருகன் மலையிலிருந்து வந்து இறங்கினாள். தலையில் முடி இல்லை, சந்தனம் இருந்தது.

"இன்னா இது?"

"ஆடிக் கிருத்திகைக்கு நாம ஊர்ல இருக்க மாட்டோமே. இந்த வருசம் முடி தர்றதா வேண்டிகினத முன்னாடியே தந்துட்டேன். நீங்கதான எல்லாத்தயும் முடிச்சிடுன்னீங்க?"

"ஆங், சொன்னேன்."

விசா மையத்தில் நேர்காணல் திங்கட்கிழமை. பாஸ்போர்ட்டில் இருந்தவளுக்கோ தோளில் கிடக்கும் பின்னல்.

ஜூன் 8, ஞாயிறு. கடைவீதி ஸ்டுடியோவில் புதுப் படம், நூறு ரூபாய். தொப்பி, துணி எதுவும் தலையில் இருக்கக் கூடாது என்கிறது விதி; சந்தனத்தைப் பற்றி மௌனம் சாதிக்கிறது. கழுவச் சொன்னேன். "விக்கு ஒண்ணு கீது, வெச்சிப் பாக்கலாமா சார்?" என்றார் ஸ்டுடியோக்காரர். சரோஜா அவரைப் பார்த்த பார்வையில் அவர் விளக்கைச் சரிசெய்யப் போய்விட்டார். அன்று மாலை மூன்று பக்கத்தில் விளக்கக் கடிதம் எழுதினேன்: பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் முறைப்படி.

ஜூன் 9, காலை ஆறரை. சென்னைக்கு மின்சார ரயில், எண்பது கிலோமீட்டர் சொச்சம். மணவூரில் பூக்கூடையோடு ஏறிய அம்மா எதிரே உட்கார்ந்து சரோஜாவின் தலையை உரிமையோடு ஆராய்ந்தார்.

"மொட்ட போட்டுகினு வர்றியா, போடப் போறியா?"

"போட்டாச்சிக்கா. ஆப்பிரிக்கா போறோம்."

"அங்க இன்னா சாமி?"

"யானை."

"அப்ப பிள்ளையாரு," என்று முடிவு செய்து, திருவள்ளூரில் இறங்கும்போது ஒரு முழம் மல்லியை நீட்டினார். வைக்க முடி இல்லாததால் சரோஜா கையில் சுற்றிக்கொண்டாள்.

பதினொன்றரை மணிக்கு எங்கள் முறை. கவுண்ட்டரில் இருந்த இளம்பெண் பாஸ்போர்ட்டையும் சரோஜாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது நீங்கதானாம்மா?"

என் கடிதத்தை எடுத்து, "இது தொடர்பாக..." என்று தொடங்கினேன்.

"சார், மேடம் பேசட்டும்."

சரோஜா சொன்னாள்: "நான்தாங்க. முடி மட்டும் முருகன் கிட்ட கீது."

அந்தப் பெண் சிரிக்காமலிருக்க உதட்டைக் கடித்துக்கொண்டு மேலாளரை அழைத்தாள். அவர் காது, மூக்கு, கன்னத்து மச்சம் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். எங்களை ஒரு முறைகூட நிற்க வைத்துப் பேசவில்லை. அப்படி ஒரு பொறுமை என் மேசைக்குப் பின்னால் என்றாவது இருந்ததா என்று யோசித்தேன், நினைவுக்கு வரவில்லை. "அனுப்பி வைக்கிறோம். முடிவு தூதரகத்தோடது. நிராகரிக்கவும் வாய்ப்பு இருக்கு," என்று என் கடிதத்தையும் மனுவோடு சேர்த்துக்கொண்டார் மேலாளர்.

ஜூன் 20. என் பாஸ்போர்ட் மட்டும் விசாவோடு வந்தது. மையத்துக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன், பதிலில்லை. ஆடி பிறந்ததும் விமானம். அவள் தலையில் தாடி போல முடி முளைத்துக்கொண்டிருந்தது.

"நீங்க போய்ட்டு வாங்க. யானைய போன்ல காட்டுங்க."

"போன்ல பாக்கற யானைய இங்கியே பாத்துக்கலாம். உன் மனு முடியற வரைக்கும் என் மனுவும் முடியாது," என்றேன். திட்டம் போட மட்டும்தான் எனக்குப் பிடித்திருக்கிறது என்று அதுவரை எண்ணியிருந்தேன். அது அப்படியில்லை என்று அன்றுதான் தெரிந்தது.

பிறகு ஒரு பகல் கூரியர் வந்தது. அவள் பாஸ்போர்ட், உள்ளே விசா. கூடவே என் மூன்று பக்கக் கடிதம், குத்திய குண்டூசி கழற்றப்படாமல், மடிப்புக் கலையாமல் திரும்பியிருந்தது. அவள் சொன்ன ஒரு வரியே போதுமானதாக இருந்திருக்கிறது.

சாயங்காலம் மலைக்கோயிலின் முன்னூற்று அறுபத்தைந்து படிகளையும் அவளுக்குப் பின்னால் ஏறினேன். மற்ற முருகன் கோயில்களில் வாகனம் சாமியைப் பார்த்திருக்கும். இங்கே வாகனம் யானை; அந்தக் கல்யானை சாமிக்கு முதுகைக் காட்டி வெளியே பார்த்து நிற்கும். சரோஜா அதன் அருகில் போய் நின்றாள்.

"எந்நேரமும் வெளியவே பாத்துகினு நிக்கிறியே. நான் போயி உன் ஆளுங்கள பாத்துட்டு வந்து சொல்றேன், இரு."

வீட்டுக்கு வந்ததும் யாரும் படிக்காத என் கடிதத்தின் ஓரத்தில், அலுவலகப் பழக்கத்தில், பென்சிலால் குறித்துக் கோப்பில் சேர்த்தேன்: பதில் பெறப்பட்டது, ஜூலை 2.