முன்னறைக்கும் பின்னறைக்கும் ஒரு வயர்

கோவில்பட்டியில் எட்டயபுரம் ரோட்டை ஒட்டிய தெரு ஒன்றில், வீட்டின் முன்னறையையே கடையாக்கி டைப்பிங் வேலை பார்த்துவந்தாள் அமுதவள்ளி. மனு, பத்திரம், காலேஜ் பிள்ளைகளின் புராஜெக்ட் என்று எது வந்தாலும் விரல்கள் தாமாக ஓடும். ஆனால் கம்ப்யூட்டருக்குள் ஏதாவது கோளாறு வந்துவிட்டால் அவளுக்கு ஒன்றும் ஓடாது. அணைத்துவிட்டு மறுபடி போடுவாள். அதற்கும் மசியவில்லை என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

வீட்டுக்குப் பின்னால், கரிசல் மண் முற்றத்தைத் தாண்டி, தனியாக ஓர் அறை இருந்தது. அதில் அவள் கணவன் சோலைமுத்து படுத்திருந்தான்.

அவன் லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்த்தவன். ஒருமுறை தீப்பெட்டி பண்டல் ஏற்றிய லாரியோடு கூடப் போனான். கயத்தாறு பக்கம் தார்ப்பாய் காற்றில் பிய்த்துக்கொண்டது. அன்றைக்கு லோடுமேன் வரவில்லை. தானே மேலே ஏறிக் கட்டினான். கயிறு அறுந்து கையோடு வந்துவிட்டது. விழுந்ததில் முதுகெலும்பு போயிற்று. இடுப்புக்குக் கீழே அசைவில்லை.

முன்னறையில் கட்டில் போடுகிறேன் என்று அமுதவள்ளி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

“இந்த டவுன்ல எல்லாரும் என்னைய நடந்து பாத்தவிய வள்ளி. படுத்துக் கெடக்கத ஒருத்தரும் பாக்க வேண்டாம்.”

கட்டில் பின்னறையிலேயே கிடந்தது.

2005-இல் ஒருநாள் அவனே சொன்னான், “கை ரெண்டும் சும்மாதான கெடக்கு. எனக்கும் டைப்பிங் சொல்லிக் குடு.” மூடிப்போன பிரவுசிங் சென்டர் ஒன்றிலிருந்து பழைய கம்ப்யூட்டர் வந்தது. வயிற்றின் மேல் பலகை, பலகை மேல் கீபோர்டு. ஒரு மாசத்துக்குள் பழகிவிட்டான். அவன் அடித்ததை ஃப்ளாப்பியில் எடுத்து முன்னறைக்குக் கொண்டுவந்து பிரிண்ட் போடுவாள். பாதி நாள் ஃப்ளாப்பி திறக்காது. கடையில் ஆளை உட்காரவைத்துவிட்டு முற்றத்துக்கும் கடைக்குமாக ஓடுவாள்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்த செல்வகணேஷ்தான் வழி சொன்னான்.

“ரெண்டையும் வயர் போட்டு இணைச்சிருவோம்க்கா. அண்ணாச்சி அங்கன அடிச்சு வச்சா நீங்க இங்கன தொறந்து பிரிண்ட் எடுக்கலாம்.”

வயரை முதலில் தலைக்கு மேலே கட்டினான். ஆடிக் காற்று அதை அறுத்துப் போட்டது. பிறகு பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு முற்றத்தில் புதைத்தான். இரண்டு கம்ப்யூட்டருக்கும் புள்ளி வைத்துப் புள்ளி வைத்து ஏதோ எண்களைக் கொடுத்தான். “இதை மட்டும் மாத்திராதீங்க” என்றான். அமுதவள்ளி அந்தப் பக்கமே போகவில்லை.

மறுநாள் கடையில் ஆள் நிற்கும்போது, இருவருக்கும் பொதுவான ஃபோல்டரில் “வள்ளி” என்ற பெயரில் ஒரு ஃபைல் புதிதாக இருந்தது. திறந்தாள். “முதுகு எரியுது. திருப்பிப் படுக்க வைக்கணும்” என்று இருந்தது. பிரிண்டர் சத்தத்திலும் ரோட்டுச் சத்தத்திலும் அதுவரை அவன் எத்தனை தடவை கூப்பிட்டானோ, தனக்குக் கேட்காமலே போயிருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எழுந்து ஓடினாள்.

அதன்பின் அந்த ஃபைலைத் திறந்து திறந்து பார்ப்பது வழக்கமாயிற்று. தண்ணீர் கேட்பான். அவள் அடித்த மனுவைத் திறந்து பார்த்துப் பிழை சொல்வான். சில நாள் “இன்னைக்கு வெயில் எப்படி?” என்று மட்டும் இருக்கும்.

கோடை வந்தது. முற்றத்தில் கை நுழையும் அளவுக்கு நிலம் வெடித்தது. வெடிப்பு அகல அகல, புதைத்த குழாய் இணைப்பு விட்டு இழுபட்டு, உள்ளே வயர் அறுந்தது. திரையின் மூலையில் சிவப்புப் பெருக்கல் குறி வந்து நின்றது. அமுதவள்ளி கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். குறி போகவில்லை. செல்வகணேஷுக்குப் போன் செய்தாள்.

“திருநெல்வேலில நிக்கேன்க்கா. நாளைக்கு வாரேன்.”

நாளை, நாளை என்று போனது.

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம் பத்திர வேலை. நாலைந்து பேர் காத்திருந்தார்கள். அவள் எழுந்திருக்கவே முடியவில்லை. எல்லாரையும் அனுப்பிவிட்டுப் பின்னால் போனபோது, சோலைமுத்து ஈரத் துணியின் மேல் கிடந்தான். தொண்டை கட்டியிருந்தது. கூப்பிட்டிருக்கிறான்.

“என்னங்க, கேக்கலயே எனக்கு” என்றாள்.

அவன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் துணியை மாற்றினாள், துடைத்துவிட்டாள். திட்டியிருந்தாலாவது தேவலை என்று இருந்தது அவளுக்கு.

செல்வகணேஷ் வந்து புது வயர் போட்டான். கொஞ்ச நாள் ஓடியது. ஐப்பசியில் இடி விழுந்ததில், வயர்களைச் சேர்க்கும் ஹப் கருகியது. அதை மாற்றியும் பின்னறைக் கம்ப்யூட்டர் முன்னறையைப் பார்க்க மறுத்தது.

“எதுன்னு எனக்கே பிடிபடலக்கா” என்று செல்வகணேஷ் தலையைச் சொறிந்தான். தெரிந்தவனே அப்படிச் சொன்ன பிறகு அவள் யாரிடம் போவாள்?

அந்த மழையிலேயே மண் ஊறி உப்பி, பின்னறைச் சுவர் மூலையிலிருந்து பிளந்தது. பார்க்க வந்த கொத்தனார், “இதுக்குள்ள ஆளப் போட்டு வைக்காதீங்கம்மா, இன்னைக்கே மாத்துங்க” என்று சொல்லிவிட்டார்.

அமுதவள்ளி கட்டிலருகே போய் நின்றாள். கொத்தனார் பேசியது சோலைமுத்துக்கும் கேட்டிருந்தது.

“சரி, தூக்குங்க” என்றான். “அந்தத் துண்ட எடு.”

அவள் கூப்பிட்டு வந்த செல்வகணேஷும் கொத்தனாரும் தூக்கினார்கள். முற்றத்தைக் கடந்து முன்னறைக்கு வரும்வரை அவன் துண்டால் முகத்தை மூடியிருந்தான். தூறல் அவன் கால்மேல் விழுந்தது. அவனுக்கு அது தெரியவில்லை. அவள் துடைத்துவிட்டாள்.

கடையின் உள்மூலையில் கட்டில் போட்டு, குறுக்கே சேலை ஒன்றைத் திரையாகக் கட்டினாள். பழைய கம்ப்யூட்டரில் செல்வகணேஷ் உள்ளேயிருந்த, வயர் செருகும் கார்டை மாற்றி, ஒரு முழ வயரில் இரண்டையும் சேர்த்தான். உடனே வேலை செய்தது. அதைப் பார்த்து யாரும் சந்தோஷப்படவில்லை.

கடைக்கு வருகிறவர்களுக்குத் திரைக்குப் பின்னால் கீபோர்டு சத்தம் கேட்கும்.

“உள்ள யாரு?” என்பார்கள்.

“எங்க வீட்ல அவிய” என்பாள்.

சத்தம் சட்டென்று நின்றுவிடும். அவர்கள் போன பிறகுதான் மறுபடி தொடங்கும்.

ஒருநாள் கடை காலியாக இருந்தபோது கேட்டாள், “வேர்க்குமே, திரையக் கொஞ்சம் ஒதுக்கி விடட்டா?”

“வேண்டாம்.”

ஃபேனை மட்டும் அவன் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, அடுத்த மனுவை அடிக்க உட்கார்ந்தாள்.