ரப்பர் முதலை

நான் கொள்ளிடக்கரைக்காரன். எங்கள் பக்கம் ஆற்றில் நிஜமாகவே முதலை உண்டு. ஆட்டை இழுத்துப் போன கதை வீட்டுக்கு ஒன்று இருக்கும். அதற்குப் பயந்தே நான் அடிபைப்பில் குளித்து வளர்ந்தவன். அப்படிப்பட்ட வீரனுக்குத் துபாயில் கிடைத்த வேலை, வில்லாக்களில் நீச்சல்குளம் கழுவுவது. எனக்கு நீச்சலும் தெரியாது, எழுத்தும் தெரியாது. மருந்து டப்பாவை நிறம் பார்த்துத்தான் எடுப்பேன்.

அல் கூஸ் தொழிலாளர் கேம்பிலிருந்து காலையில் பிக்கப்பில் கிளம்புவோம். கூட வேலை பார்த்தவன் ராமநாதபுரத்துக்காரன். எந்த வில்லாவுக்குப் போனாலும் முதல் வேலை, பிள்ளைகள் குளத்தில் போட்டுவிட்டுப் போன பொம்மைகளை வெளியே எடுப்பது. வாத்து, திமிங்கலம், பெரும்பாலும் முதலை. காற்றடித்த பச்சை முதலை. வாலைப் பிடித்துத் தூக்கி மூலையில் வீசுவேன். ஊரில் முதலைக்கு ஓடியவன், அங்கே எத்தனை முதலையை வாலைப் பிடித்துச் சுழற்றியிருப்பேன்!

ஒரு கோடையில், வீட்டுக்காரர்கள் வெளிநாடு போயிருந்த வில்லாவுக்குப் போனோம். தண்ணீர் பாசி பிடித்துக் கிடந்தது. பம்பு வைத்து இறைத்தோம். கணுக்கால் அளவுக்கு வற்றியதும் உள்ளே இறங்கினோம். மூலையில் சேறு பூசிக்கொண்டு ஒரு முதலை கிடந்தது.

"மாப்ள, உன் மாமனாரு படுத்திருக்காரு பாரு," என்றேன்.

"மெதுவா எழுப்பு. வரதட்சணை கேட்டுறப் போறாரு."

சிரித்துக்கொண்டே வாலைப் பிடித்தேன். உள்ளே எலும்பு இருந்தது. கையை எடுப்பதற்குள் அது திரும்பிவிட்டது.

வலி உடனே தெரியவில்லை. "யோவ் விடுய்யா, விடுய்யா!" என்று அதனிடம் மரியாதையாகத்தான் கேட்டேன். ராமநாதபுரத்தான் குளத்துக் குப்பை அள்ளும் வலைக்கம்பு ஒடியும் வரை அதன் தலையில் அடித்தான். அது விட்டபோது என் வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் முழுசாக இருந்தன.

வண்டியோடு ஓடிவந்த சூப்பர்வைசர் திருநெல்வேலிக்காரர். குளத்தை எட்டிப் பார்த்தார், முகம் வெளுத்தது. வீட்டுப் பையன் குட்டியாக வாங்கி ஒளித்து வளர்த்ததாம், அனுமதி கிடையாதாம். அதெல்லாம் பிறகு தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் என் காதருகே குனிந்தார்.

"ஏலே, நான் சொல்லுதத கேளு. மோட்டார் பெல்ட்டுல கை மாட்டிக்கிட்டுன்னு சொல்லு. முதலன்னு வாயத் தொறந்தா போலீஸ் கேஸு. இந்த வீட்டுக்காரரோட வில்லா நெறைய நம்ம கம்பெனிதான் கழுவுது. கான்ட்ராக்ட் போச்சுன்னா ஒன் விசாவும் கலாஸ். என்ன?"

விசா போனால் வீட்டில் அடுப்பு அணைந்துவிடும். தலையாட்டினேன்.

கட்டுப் போட வந்த மலையாளி நர்ஸ் காயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மோட்டாருக்கு பல்லு உண்டோ சேட்டா?"

"புது மாடல் சிஸ்டர்," என்றேன். அவள் சிரிக்கவில்லை.

முதலையைக் கொண்டுபோனதை ராமநாதபுரத்தான் வந்து சொன்னான். "ஏசி வண்டிப்பா. ஈரச் சாக்கு போர்த்தி, கண்ணுக்குத் துணி கட்டி, வாய்க்கு டேப்பு ஒட்டி, வீட்டுக்காரரோட ஆளுங்க நாலு பேரு தூக்கிட்டுப் போனாங்க."

"எனக்கும் டேப்பு ஒட்டியாச்சு. ஏசிதான் பாக்கி," என்றேன்.

காயம் ஆறியது. ஆனால் கம்பு பிடிக்க வரவில்லை. கொஞ்ச நாள் கேம்பில் இடது கையால் கக்கூஸ் கழுவினேன். பிறகு ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். ஓடுகிற மோட்டாரில் கையை விட்டது என் கவனக்குறைவாம், கம்பெனிக்குப் பொறுப்பு இல்லையாம். வேலை செய்ய முடியாத ஆளை வைத்துக்கொள்ளவும் முடியாதாம். சூப்பர்வைசர் பக்கத்தில்தான் நின்றார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. ஏர்போர்ட் வரை வந்து, பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஊரில் இனி யாருக்குப் பயம்? முதலை கடித்தது என்று டீக்கடையில் சொன்னேன். கடையே குலுங்கியது.

"கொள்ளிடத்துல தப்பிச்சவன பாலைவனத்துல முதல கடிச்சுதா? ஒட்டகம்னு சொல்லுடா, நம்புறோம்!"

கேமரா வைத்த போன் எங்கள் கேம்பில் யாரிடமும் இல்லாத காலம். என்னிடம் இருந்த ஒரே ஆஸ்பத்திரிக் காகிதத்தில் மோட்டார் என்றுதான் போட்டிருந்தது. பிறந்ததிலிருந்து பொய்யும் கேலியுமாகவே பேசிய வாயை யார் நம்புவார்கள்?

அன்று சாயங்காலம் என் மனைவி சோற்றைப் பிசைந்து எனக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் கை நின்றது.

"ஊருக்கு என்ன வேணா சொல்லுங்க. என்கிட்டயாவது நெசத்தச் சொல்லுங்க. அங்க யார்கூடயாவது சண்டையா? ஏதாச்சும் திருடுனீங்கன்னு கைய வெட்டிப்புட்டாங்களா?"

"முதலடி. சத்தியமா."

தட்டைக் கீழே வைத்துவிட்டு எழப் போனாள். சேலையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"மோட்டார்ல மாட்டிக்கிச்சு," என்றேன்.

அதன் பிறகுதான் என் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அழுதாள்.