குரல் போன வருடம்

துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் எனக்கு மூன்று மாற்றங்கள் வந்தன. மத்தியானமே உடம்பு துவண்டுவிடும். மனைவியின் பக்கம் மனம் போகவில்லை. குரல் கரகரத்து மெலிந்தது. போனில் பேசியவர்கள் இரண்டு முறை என்னை "அம்மா" என்றார்கள்.

துறைமுகத்தில் என்னோடு வேலை பார்த்த நண்பனிடம் டோல்கேட் டீக்கடையில் சொன்னேன்.

"வயசாவுது மாமு. பொம்பளைக்கு மாசாமாசம் வர்றது நின்னுபூட்ற மாரி ஆம்பளைக்கும் ஹார்மோன் கொறையும். எனக்கும் அப்டிதான் கீது" என்றான்.

ரத்தப் பரிசோதனையில் ஹார்மோன் குறைவு என்றுதான் வந்தது. காரணம் கிடைத்துவிட்டதால் தொண்டையைப் பற்றி டாக்டரிடம் நான் வாயே திறக்கவில்லை. பீடியையும் விடவில்லை.

கவனித்தது மனைவிதான். "ரொம்ப நாளா நீ காரச் சட்னியே தொட்டுக்கல. முழுங்கச்சொல்ல மூஞ்சி சுளிக்குற. இன்னாத்த மறைக்கிற?" என்றாள். மறுநாளே அரசு மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள்.

மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். குரல்வளையில் புற்றுநோய். பரவியிருந்ததால் குரல்வளையையே எடுக்க வேண்டும் என்றார்கள்.

"ஹார்மோன் கொறைஞ்சதாலயா?" என்று கேட்டேன்.

"அது வேற, இது வேற. ரெண்டும் இந்த வயசுல வரும். நீங்க ரெண்டையும் ஒண்ணா நினைச்சிட்டீங்க" என்றார் டாக்டர்.

அறுவைச் சிகிச்சைக்கு முந்தின மாலை, மனைவி கட்டிலருகே உட்கார்ந்து, "எதுனா பேசு" என்றாள். எங்கள் காலடிப்பேட்டை வீட்டில் மோட்டார் போட்டுவிட்டு மறந்து போவாளே, அதைச் சொன்னேன். அவள் பதிலுக்குச் சொல்ல, சண்டையாகிவிட்டது. என் சொந்தக் குரலில் கடைசியாகப் பேசியது அதுதான்.

இப்போது கழுத்தில் ஒரு துளை. அதன் வழியாகத்தான் மூச்சு. உள்ளே ஒரு சிறு வால்வு வைத்திருக்கிறார்கள். கட்டை விரலால் துளையை மூடினால் தகரம் உரசுவதுபோல் பேச்சு வரும். கதிர்ச் சிகிச்சைக்குப் பிறகு தைராய்டும் குறைந்துவிட்டதால் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. பீடி இல்லை.

வால்வு பழகியதும் முதல்முறையாகத் தனியாகப் பஸ் ஏறினேன். நல்ல கூட்டம். விரலை வைத்து, "எண்ணூர் ஒண்ணு" என்றேன். பக்கத்தில் நின்ற பெண் திரும்பிப் பார்த்தார். கண்டக்டர் நிமிரவில்லை. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "உள்ள போ பெரியவரே, படிய மறைக்காத" என்றார். உள்ளே போனேன்.