காரை விற்ற பிறகு கிடைத்த தெரு

மூன்று வருடங்களுக்கு முன்பு, மழை வருமா வராதா என்று வானம் யோசித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ராயப்பேட்டைத் தெரு ஒன்றில் நடந்தது இது. இப்போதும் அதை நினைத்தால் முதலில் பயமாக இருக்கும், அடுத்த நிமிடமே சிரிப்பு வந்துவிடும்.

அப்போது நாங்கள் வேளச்சேரியில் குடியிருந்தோம். நான் மயிலாப்பூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் வரவேற்பில் வேலை செய்கிறேன். மகளுக்கும் மயிலாப்பூரில்தான் பள்ளிக்கூடம். கணவர் சொந்தக் கார் வைத்து வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். தினமும் எங்கள் இருவரையும் இறக்கிவிட்டுவிட்டுத்தான் முதல் சவாரிக்கே போவார். சென்னையில் அவருக்குத் தெரியாத சந்து கிடையாது. எங்கே திரும்பினால் எந்த சிக்னலைத் தவிர்க்கலாம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

அப்படிப்பட்டவருக்குத் திடீரென்று வலிப்பு வந்தது. நல்லவேளையாக வீட்டில் இருக்கும்போது வந்தது. பரிசோதனை எல்லாம் முடிந்து, மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், "இனிமே வண்டி ஓட்டக் கூடாது. டூவீலரும் வேணாம்" என்று சொல்லிவிட்டார். வெளியே வந்து காரில் ஏறும்போது, பழக்கதோஷத்தில் டிரைவர் பக்கம் போய் நின்று, ஒரு கணம் கதவைப் பிடித்தபடியே இருந்தார். அப்புறம் சத்தமில்லாமல் சுற்றி வந்து மறுபக்கம் உட்கார்ந்துகொண்டார். என் தம்பிதான் ஓட்டினான். 

காரை விற்றோம். நானும் மகளும் ரயிலில் போகப் பழகிக்கொண்டோம். ஆனால் அவருக்கு? நாங்கள் இருந்த அடுக்குமாடியில் பால் வாங்க வேண்டுமென்றால்கூடப் பெரிய ரோட்டைத் தாண்ட வேண்டும். பஸ்ஸும் லாரியும் பறக்கிற ரோடு. நடைபாதை பேருக்குத்தான். அங்கே நடு ரோட்டில் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், தனியாகக் கீழே போகாதீர்கள் என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஊரையே சுற்றி வந்த மனிதர் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கீழே போகும் கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதுகூட எங்களுக்குத் தெரியாது.

ஒரு நாள் அவரே சொன்னார்: "எல்லாத்துக்கும் நடந்தே போற மாதிரி ஒரு இடத்துக்குப் போயிடலாம்மா. உன் ஆபீஸ், பாப்பா ஸ்கூல், கடை, ஆஸ்பத்திரி எல்லாம் கால்ல போற தூரம். அப்ப நான் உனக்கு பாரமா இருக்க மாட்டேன்."

கடைசி வார்த்தைக்காக அவரைத் திட்டினேன். ஆனால் யோசனை பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மகளைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வீடு தேடக் கிளம்பினோம். புரோக்கர்கள் பைக்கில் முன்னால் போவார்கள், நாங்கள் பின்னால் நடப்போம். "இன்னா சார், ஆட்டோ புடிச்சு வரக்கூடாதா?" என்று ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். நடந்து பார்த்தால்தானே நடக்கத் தோதான இடமா என்று தெரியும்?

தேடுவதே ஒரு சந்தோஷமாக மாறிவிட்டது என்றால் நம்புவீர்களா? "இந்த வழியா ஆயிரம் தடவை போயிருக்கேன், இங்க ஒரு மாவுமில் இருக்கிறதே தெரியாது பாரேன்" என்று என் கணவர் சின்னப் பிள்ளை மாதிரி ஆச்சரியப்படுவார். மயிலாப்பூர் குளத்தைச் சுற்றிவிட்டு, சூடாக பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, வீடு கிடைக்காமலே சிரித்த முகத்தோடு திரும்புவோம்.

வீடு மட்டும் அமையவில்லை. அடையாறில் வாடகையைக் கேட்டதும் நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிட்டோம். தி.நகரில் பார்த்த வீட்டுக்கு வெளிச்சமே இல்லை. மயிலாப்பூரில் ஒரு மாமி எங்களை உட்காரவைத்து, "வாடகையைக் குறைச்சுக்க எனக்கும் ஆசைதான், முடியலையே. காபி சாப்ட்டுண்டு போங்கோ, வெயில்ல நடந்துண்டே வந்திருக்கேளே" என்று டம்ளர் நிறையக் கொடுத்து அனுப்பினார். இன்னொரு வீட்டில் எல்லாம் ஒத்துவந்து, சாவி வாங்கப் போன நேரத்தில், வேலையைப் பற்றிக் கேட்டார்கள். இவர் ஒளிக்காமல் உடம்பைப் பற்றிச் சொன்னார். மறுநாள், சொந்தக்காரர்கள் வருகிறார்கள், வீடு இல்லை என்று போன் வந்தது. "வீட்டுக்காரங்ககிட்ட எதுக்கு அதெல்லாம் சொல்றீங்க? வாயைத் தொறக்காதீங்க" என்று என் அண்ணன் கடிந்துகொண்டார். சரி, இனிமேல் சொல்ல வேண்டாம் என்று நாங்களும் முடிவு செய்துகொண்டோம்.

அந்த முடிவோடுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை ராயப்பேட்டைக்குப் போனோம்.

மசூதிக்குப் பின்னால் போகும் குறுகலான தெரு. கார் நுழைய முடியாது. இரண்டு பக்கமும் வீடுகள், கீழே சின்னச் சின்னக் கடைகள், ஒரு டீக்கடை, தள்ளுவண்டியில் பழம். புரோக்கர் சொன்ன அடையாளத்தைத் தேடிக்கொண்டு போனபோது, இவர் என் தோளைப் பிடித்தார். பிடித்த விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. எப்படியோ தாங்கித் தரையில் சாய்ப்பதற்குள் கை கால் இழுக்க ஆரம்பித்துவிட்டது.

நான் கத்தினேனா என்று நினைவில்லை. ஆனால் தெருவே திரும்பியது. டீ மாஸ்டர் பாய்லரை விட்டுவிட்டு ஒரு பெரிய சாவிக்கொத்தோடு ஓடி வந்தார். "கையில இரும்பு குடு, நின்னுடும்!" என்றார். "வேணாம்ணா, அதெல்லாம் வேணாம். ஒருக்களிச்சுப் படுக்க வைக்க மட்டும் உதவி பண்ணுங்க" என்றேன். உடனே சாவியை எறிந்துவிட்டு உட்கார்ந்து, குழந்தையைத் திருப்புவது போல இவரைப் பக்கவாட்டில் திருப்பினார். பழக்காரர் வண்டியைக் குறுக்கே நிறுத்தி பைக்குகளை மறித்தார். எதிர் வீட்டு மாடியிலிருந்து சுடிதார் போட்ட ஒரு பெண் தடதடவென்று இறங்கி வந்தார். தன் துப்பட்டாவை மடித்து இவர் தலைக்கு அடியில் வைத்தார்.  பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சத்தம் போட்டார். "தள்ளி நில்லுங்க எல்லாரும். வேடிக்கையா பாக்கறீங்க? காத்து வரட்டும்!"

சிறிது நேரத்தில் இழுப்பு நின்றது. அவர் கண் திறந்தார். சுற்றிலும் அத்தனை முகங்களைப் பார்த்ததும் அவர் முகம் அவமானத்தில் சுருங்கிப்போனது. அப்போது டீ மாஸ்டர் குனிந்து, "இன்னா சார், பயமுறுத்திட்டியே! ஒண்ணும் இல்ல, கொஞ்சம் கழிச்சு ஒரு டீ சாப்புடு. என் கடை டீய குடிக்காம இந்தத் தெருவைத் தாண்ட முடியாது" என்றார். கூட்டம் சிரித்தது. அரை மயக்கத்தில் இருந்த என் கணவரும் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அந்தப் பெண் எங்களைத் தன் வீட்டுக் கீழ் அறைக்கு அழைத்துப்போய் இவரைப் படுக்க வைத்தார். ஜன்னலோரம் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய பட்டுத் துணியில் பாதி முடிந்த மயில். கல்யாண ரவிக்கைகளுக்கு ஆரி எம்பிராய்டரி வேலை செய்து கொடுப்பவர் என்று தெரிந்தது. என் வயதுதான் இருக்கும். எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "இந்தப் பக்கம் யார் வீட்டுக்கு வந்தீங்க அக்கா?" என்று கேட்டார்.

"வாடகைக்கு வீடு பாக்க வந்தோம்" என்று புரோக்கர் சொன்ன விலாசத்தைச் சொன்னேன்.

அவர் கண்களை விரித்தார். "அரே, அது இந்த வீடுதான்! மேல் போர்ஷன். உங்களுக்காகத்தான் காலையிலேருந்து மேல நின்னு பாத்துட்டு இருந்தேன்."

 யாருக்குத் தெரியக் கூடாது என்று நினைத்தோமோ, அவர் மடித்து வைத்த துப்பட்டாவில்தான் இவர் தலை வைத்திருந்தார். இனி என்ன பேச்சு? இவர் எழுந்து உட்கார்ந்து முகம் கழுவியதும், "ரொம்ப நன்றிங்க. நாங்க கெளம்பறோம்" என்று எழுந்தேன்.

"வீட்டைப் பாக்காம போறீங்களே?"

"இல்லைங்க... இவருக்கு இப்படி... நீங்களே பாத்தீங்க..."

"பாத்தேன். அதான் சொல்றேன்." அவர் மரச்சட்டத்தை ஓரமாக நகர்த்திவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். "நீங்க வேலைக்குப் போறவங்க. இவரு வேற எங்கயோ, ஆள் முகம் தெரியாத எடத்துல விழுந்தா யாரு தூக்குவாங்க? இங்க இப்பவே எல்லாருக்கும் இவரைத் தெரிஞ்சு போச்சு. புதுசா சொல்ல வேண்டிய வேலையும் இல்ல. மாடிப்படிக்குக் கைப்பிடி போட்டுத் தரச் சொல்றேன் எங்க வீட்டுக்காரர்கிட்ட. வாங்க, மேல பாருங்க."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். இவர்தான் தெளிவாக இருந்தார். "தண்ணி எத்தனை மணிக்கு வரும்?" என்று கேட்டார். இவர் அதைக் கேட்டதும் நாங்கள் மூவரும் சிரித்ததும்தான் எங்கள் வாடகை ஒப்பந்தம். வாடகை எங்கள் கைக்கு அடங்குவதாக இருந்தது. முன்பணத்தைக்கூடச் சிறுகச் சிறுகக் கொடுக்கச் சொன்னார் அந்தப் பெண்.

அடுத்த மாதமே குடிவந்தோம். முதல் நாள் காலை, பால் வாங்கப் போன கணவர் வெகுநேரம் வரவில்லை. பதறிப்போய் ஜன்னலைத் திறந்தால், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பாரிமுனைக்குக் குறுக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கிறார்! இரண்டு மாதத்தில் அடுத்த தெருவில் ஒரு பார்சல் புக்கிங் கடையில் வேலையும் கிடைத்தது. மகளைப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போவது அவர் வேலை. போகும் வழியெல்லாம் இரண்டு பேரும் கதை பேசிக்கொண்டு போவார்கள். காரில் போன நாட்களில் கண்ணாடி வழியாகத்தான் பிள்ளை முகத்தைப் பார்ப்பேன், இப்போது கையைப் பிடித்துக்கொண்டே போகிறேன் என்றார் ஒருநாள். நோன்பு மாதத்தில் கீழ் வீட்டிலிருந்து தூக்குவாளியில் கஞ்சி மேலே வரும். பொங்கலன்று எங்கள் பானை கீழே இறங்கும். சாயங்காலம் காற்று வேண்டுமென்றால் சாந்தோம் கடற்கரைவரை மெதுவாக ஒரு நடை.

போன வருடம் ஒருநாள் வேலையில் இருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. இவருக்கு மறுபடியும் லேசாக வந்துவிட்டதாம். வேர்த்து விறுவிறுத்து ஓடினேன். நான் எங்கள் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் பழவண்டி நிழலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தெருமுனையில் பூ விற்கும் அம்மா அவர் பையைப் பத்திரமாக மடியில் வைத்திருந்தார். யார் முதலில் பார்த்தது, யார் சரியாகத் திருப்பிப் படுக்க வைத்தது என்று நான்கைந்து பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓடி வந்த எனக்கு அழுகைக்குப் பதிலாகச் சிரிப்புதான் வந்தது.

இந்த ஊரில் எங்களுக்குச் சொந்தமாக ஒரு அடி நிலம் கிடையாது. ஆனாலும் காலையில் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பும்போது, மனதில் பயமில்லாமல் "போயிட்டு வாங்க" என்று என்னால் சொல்ல முடிகிறதே, அதைவிடப் பெரிய வசதி ஒரு வீட்டில் இருக்க முடியும் என்று எனக்கு இன்றுவரை தோன்றவில்லை.