வராத குண்டுக்கு நாலு கட்டில்

வீட்டுவேலைக்காரனுக்கு உலக அரசியல் எதற்கு என்று கேட்பவர்கள், நம்மைப்போல் இத்தாலிக்காரர் வீட்டில் தும்புத்தடி பிடித்துப் பார்க்காதவர்கள். தொண்ணூறில் பலேர்மோவுக்குப் பக்கத்துப் பகேரியாவில் எனக்குக் கிடைத்த வேலையே, அமெரிக்காவும் ரஷ்யாவும் முறைத்துக்கொண்டதால் வந்ததுதான்.

முதல் நாள்

வீட்டுக்கார சிஞ்ஞோர், கியூபாவில் ரஷ்யா ஏவுகணை வைத்த காலத்தில் பயந்துபோய், தோட்டத்துக்கு அடியில் பதுங்குகுழி கட்டியவர். இரும்புக் கதவு, நாலு கட்டில், சுவர் நிறையத் தகர உணவு. அதைத் துப்புரவாக வைத்திருப்பதுதான் என் வேலை. இது என்னவென்று தெரியுமா என்று பெருமையாகக் கேட்டார். தெரியும், யாழ்ப்பாணத்தில் எங்கள் வளவிலும் ஒன்று இருக்கிறது என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்படியென்றால் நீங்கள் ஊரில் பெரிய பணக்காரர்."

வீட்டில் சொன்னபோது

இதை மனைவிக்குச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

"இஞ்சை வராத குண்டுக்கு மெத்தை போட்டு வைச்சிருக்கினம். அங்கை வந்த குண்டுக்கு எங்களுக்குப் பனங்குத்தியும் மண்மூட்டையும்தான்."

எதிரி முகாம்

சிஞ்ஞோரின் மனைவி சிஞ்ஞோராவின் தம்பி பழைய கம்யூனிஸ்ட். குண்டு விழுந்தால் அவருக்கு மட்டும் குழியில் இடமில்லை என்பது சிஞ்ஞோரின் கட்டளை. ஆனால் ஆபிரிக்கப் பக்கமிருந்து அனல்காற்று வீசும் நாட்களில், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தம்பியார் என்னிடம் திறப்பை வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார். அதைவிடக் குளிர்ந்த இடம் அந்த ஊரில் இல்லை. சிஞ்ஞோருக்குத் தெரிந்தால் என் வேலை போய்விடும் என்று கெஞ்சினேன். கட்டிலில் சாய்ந்தபடி சொன்னார்:

"முதலாளி கட்டியதில் உழைப்பாளி படுப்பதுதானப்பா புரட்சி."

போட்டி முடிந்தது

சோவியத் ஒன்றியம் கலைந்தது. குழியில் தக்காளிச் சோஸ் போத்தல்களை அடுக்கலாம், இனி அதற்கு ஆள் வேண்டாம் என்றார் சிஞ்ஞோரா. வேலை இல்லாமல், இத்தாலியில் தங்க அனுமதிக்கும் பெர்மெசோவைப் புதுப்பிக்க முடியாது. அது இல்லாவிட்டால் ஊருக்குத்தான் திரும்பவேண்டும், அந்தப் பனங்குத்திக் குழிக்கு.

ரஷ்யா போய்விட்டது சரி, அதன் குண்டுகள் எங்கே போயின என்று அப்பாவிபோலக் கேட்டுவைத்தேன். மத்தியானத் தூக்கம் பறிபோகும் கவலையில் தம்பியார் மேசையில் தட்டினார். இனி அமெரிக்காவைத் தட்டிக்கேட்கவும் ஆளில்லை, இப்போதுதான் குழி கட்டாயம் என்றார். சிஞ்ஞோர் வாழ்க்கையில் முதல்தடவையாக மச்சானுக்குத் தலையாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மூன்றாவது கட்டிலை இவருக்கே விரித்துவை. போன கோடை முழுக்க அதில்தானே படுத்தார்."

உலகத்தைப் பலமுறை அழிக்கப் போதுமான குண்டுகளை இரண்டு வல்லரசுகள் செய்து குவித்ததில் எனக்குத் தெரிந்து பலனடைந்தவர்கள், குறட்டை விட்ட ஒரு கம்யூனிஸ்ட்டும் அவருக்கு விரிப்பு மாற்றிய நானும்தான்.